சுங்கச் சாலை இல்லாமல் மோட்டார்ஹோமில் நெடும்பயணம்

முதலில் டேப்பை எடுத்து மோட்டார்ஹோமின், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியின், உயரத்தை அளந்துவிடுங்கள். ஆவணத்தில் உள்ள எண் போதாது. வண்டி வாங்கிய பிறகு கூரையில் பொருத்திய ஏசி, சோலார் தகடு, ஆன்டெனா எதுவும் அதில் சேர்ந்திருக்காது. உயரம், அகலம், தண்ணீர்த் தொட்டி நிரம்பிய நிலையில் எடை, இந்த மூன்றையும் அட்டையில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். சிறு சாலைகளில் தாழ்வான ரயில் பாலமும், எடை வரம்புள்ள பழைய பாலமும் எங்கே வேண்டுமானாலும் எதிர்ப்படலாம்.

கூகுள் மேப்ஸில் சுங்கத்தைத் தவிர்க்கும் வசதி உண்டு. ஆனால் உங்கள் வண்டியின் உயரமோ எடையோ அதற்குத் தெரியாது. ஆகவே, அளவுகளைக் கேட்டு வழி சொல்லும் பெரிய வண்டிகளுக்கான செயலியிலும் அதே பயணத்தைப் போட்டுப் பாருங்கள். இரண்டு வழிகளும் பிரியும் இடங்களை கூகுளின் தெருப் படங்களான ஸ்ட்ரீட் வியூவில் பார்ப்பேன்: ஊர் நடுவே குறுகும் தெரு, சாலைமேல் கவிந்த மரக்கிளை, கொண்டை ஊசி வளைவு. ஒரு மாலைப்பொழுது முழுக்க இதற்கே போனாலும் சரி.

அப்புறம் நேரம். சராசரி மணிக்கு 50 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஒரு நாளுக்கு 250 கிலோமீட்டர் தாராளம். தண்ணீர் பிடிக்கவும் கழிவுநீர் கொட்டவும் இடங்களை முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

பிடிவாதம் மட்டும் வேண்டாம். லிட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடும் வண்டி 80 கிலோமீட்டர் சுற்றினால் 10 லிட்டர் டீசல் போய்விடும். சுங்கம் அதைவிடக் குறைவென்றால் கட்டிவிடுங்கள். பெருநகரத்தைத் தாண்டும் துண்டுக்கு மட்டும் கட்டி, அடுத்த வெளிவழியில் இறங்கிக்கொள்வதுதான் என் வழக்கம்.