சார்ஜர் மாற்றப் போய் எர்த் வயரில் மாட்டிக்கொண்டேன்

படகின் பழைய பேட்டரி சார்ஜர் செத்துப்போனது. கழற்றிப் புதியதை மாட்ட அரை மணி நேரம் போதும் என்றுதான் இறங்கினேன்.

சுவிட்சை அணைத்ததோடு நிற்காமல், கரையிலிருந்து வரும் பிளக்கையே உருவினேன். மல்டிமீட்டரால் சோதித்தபின் பேட்டரியின் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ்.

புதிய சார்ஜரின் உலோக உறையில் எர்த்துக்கென்று தனி போல்ட் இருந்தது. பழையதிலும் இருந்திருக்கிறது, எதுவும் மாட்டாமல் துருப்பிடித்துக் கிடந்தது. ஏசி கேபிளோடு வரும் பச்சை வயர் போதாதா என்று எனக்கும் தோன்றியது. போதாது. பேட்டரி பாசிட்டிவ் உள்ளே எங்காவது உறையைத் தொட்டால், அந்த மெல்லிய வயரில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயலாம். ஃபியூஸ் போவதற்குள் வயர் எரிந்துவிடும். அதனால் உறையிலிருந்து டிசி நெகட்டிவ் பஸ்பாருக்கு (நெகட்டிவ் வயர்கள் எல்லாம் சேரும் உலோகப் பட்டை) தடித்த வயர் இழுத்தேன். படகுகளுக்குத் தரவிதிகள் வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஏபிஒய்சி, அந்த வயர் பாசிட்டிவ் வயரைவிட ஒரு சைஸ் வரை சிறியதாக இருக்கலாம் என்கிறது. எதற்கு வம்பு, அதே சைஸ் போட்டேன். பாசிட்டிவில் ஃபியூஸ், பேட்டரிக்குப் பக்கத்திலேயே.

அப்போதுதான் கவனித்தேன்: முன்பு யாரோ கரை எர்த்தையே வெட்டிவைத்திருந்தார்கள், நீருக்கடியில் உலோகம் அரிக்காமல் இருக்கவாம்! அரிப்பு உண்மைதான். ஆனால் எர்த் இல்லாமல் மின்கசிவு வந்தால் தண்ணீர் வழியாகவே பாயும். அருகில் நீந்துபவர் செத்துப்போகலாம். மறுபடி இணைத்து, நடுவில் கால்வானிக் ஐசொலேட்டர் வைத்தேன்; அரிப்பை உண்டாக்கும் சிறு மின்னோட்டத்தைத் தடுத்து, மின்கசிவை மட்டும் எர்த்துக்கு விடும் கருவி அது. நியூட்ரலை மட்டும் படகுக்குள் எர்த்தோடு சேர்க்கவில்லை. கரை மின்சாரத்துக்கு அந்த இணைப்பு கரையில்தான்.

அரை மணி நேர வேலை, முடிக்க இருட்டிவிட்டது.