கண்ணீர்ப்புகை அடிக்கும் இடத்துக்குப் போகிறீர்களா? முதலில் கண்ணைப் பாருங்கள்

2022 ஜூலை 9 கொழும்பு கோட்டையில் ஜனாதிபதி மாளிகைப் பக்கம் ஆர்ப்பாட்டக்காரர்கள் மீது கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும் அடித்த அன்று, கூட்டத்தில் பலரிடம் ஒரு துணி மாஸ்க்கைத் தவிர வேறொன்றும் இல்லை. கையில் கொஞ்சக் காசுதான் இருக்கிறது என்றால் அதைக் கண்ணுக்குச் செலவழியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

கண். பொலிஸ் பொதுவாக அடிக்கும் கண்ணீர்ப்புகை சிஎஸ் என்ற வகை, உண்மையில் அது நுண்ணிய தூள். காற்றில் மிதந்து வந்து ஈரமுள்ள இடத்தில் ஒட்டும். கண், மூக்கு, வேர்த்த கழுத்து. ஹாட்வேர் கடையில் விற்கும் பாதுகாப்புக் கண்ணாடியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அதன் மேற்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், வேலை செய்யும்போது ஆவி படியாமலிருக்க வைத்தது; தூளும் அதே வழியால் உள்ளே வரும். ஓட்டையே இல்லாததைக் கேட்டு வாங்குங்கள், அடிக்கு ஓரளவு தாங்கும் பொலிகார்பனேட் என்றால் இன்னும் நல்லது. கிடைக்காவிட்டால் நீச்சல் கண்ணாடி போதும், புகைக்கு அது நன்றாகவே தாங்கும், ஆனால் அடிக்குத் தாங்காது. வாங்கியதைச் சோதிக்க, போட்டுக்கொண்டு நாலு வெங்காயம் நறுக்குங்கள். கண் கரித்தால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்தவில்லை. உள்ளே ஆவி படியாமலிருக்க, பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு துளியை உட்பக்கம் தேய்த்து, மென்துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

கொன்டாக்ட் லென்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மூக்கு. பெயின்ட் ஸ்ப்ரே அடிப்பவர்கள் போடும் அரைமுகக் கவசம்தான் என் தேர்வு. தூசிக்கும் ரசாயன ஆவிக்கும் சேர்த்து வடிகட்டி இருக்க வேண்டும். என்95 தூளை ஓரளவு பிடிக்கும், தாடி இருந்தால் ஓரத்தால் கசியும். வினாகிரியில் நனைத்த துணியை நான் நம்புவதில்லை.

தலை, கால், உடம்பு. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் தலைக்கு நல்லது, ஆனால் பக்கம் தெரியாது, காதும் அடைக்கும்; சைக்கிள் ஹெல்மெட் லேசு. கட்டின சப்பாத்து, முழுக்கைப் பருத்திச் சட்டை. எண்ணெய்ப் பசையுள்ள கிரீம் பூசாதீர்கள், தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கண்ணீர்ப்புகைக் குண்டு விழுந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், கொதிக்கும்.

அப்புறம் காற்று. ஜூலை மாதத்தில் காலிமுகத்திடலில் பெரும்பாலும் கடலிலிருந்து நகரப் பக்கம் வீசும், அதனால் எங்கே ஒதுங்குவது என்பதைப் புகை வருவதற்கு முன்பே பார்த்து வையுங்கள். முகத்தில் காற்று படும் திசைக்கு நடங்கள். கண்ணைத் தேய்க்காமல் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள், ஆளுக்கு ஒரு போத்தல் தனியாக வேண்டும். பாலும் பற்பசையும் வேண்டாம்.

பின்சேர்க்கை: மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கேட்டிருந்தார்கள். பவர் வைத்த நீச்சல் கண்ணாடி கிடைக்கும், இல்லையென்றால் மூக்குக்கண்ணாடிக்கு மேலே போடக்கூடிய அகலமான, ஓட்டையில்லாத வகையைப் பாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைச் சட்டைப்பையிலேயே வைத்து, தடுப்புகளுக்குத் தூரமாக, வெளியேற வழியுள்ள ஓரத்தில் நில்லுங்கள். வீடு திரும்பியதும் சட்டையைத் தலைவழியே உருவாமல் பொத்தான் கழற்றி எடுத்துத் தனிப்பையில் போட்டுவிட்டு, குளிர்தண்ணீரில் குளியுங்கள். பொத்தான் இல்லாத டீசேர்ட் என்றால் கத்தரித்துவிடுங்கள்.