இறங்கும்போது மட்டும் அடித்த ஜிப்ஸி

என் பழைய மாருதி ஜிப்ஸி ஜீப்பை 2 அங்குலம் உயர்த்திய நாளிலிருந்து அது முதுகைப் பதம் பார்த்தது. புது லீஃப் ஸ்பிரிங் (வளைந்த இரும்புத் தகடுகளின் அடுக்கு), ஓட ஓட இளகிவிடும் என்றார்கள் பட்டறையில். இளகவில்லை. தகடுகளுக்கு இடையே கிரீஸ் தடவினேன். டயர் காற்றை 30 பி.எஸ்.ஐ.யிலிருந்து 24க்கு இறக்கினேன். ஸ்டியரிங் கனத்ததுதான் மிச்சம்.

பிறகுதான் ஒன்று உறைத்தது. வேகத்தடையில் ஏறும்போது சத்தமே இல்லை; இறங்கும்போதுதான் 'ணங்' என்று அடி விழுந்தது. ஸ்பிரிங் கடினமென்றால் ஏறும்போதல்லவா உதைக்க வேண்டும்?

சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டேன். ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் குழாயான ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றியதும் ஆக்சில் (சக்கர அச்சு) இன்னும் மூன்று விரற்கடை கீழே இறங்கியது. ஸ்பிரிங்கை உயர்த்தியவர்கள் ஷாக்கைப் பழைய நீளத்திலேயே விட்டிருந்தார்கள். வண்டி நிற்கும்போதே அது முக்கால்வாசிக்கு மேல் நீண்டிருந்தது. சக்கரம் பள்ளத்தில் இறங்க இடமே இல்லை.

உயரத்துக்கேற்ற நீளமான ஷாக்குகள் நான்கு மாட்டியதும் அடி நின்றது. அப்பாடா! ஸ்பிரிங் நுனியைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் போல்ட்டுகளை மட்டும் வண்டி தரையில் முழு எடையோடு நின்ற பிறகே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் முறுக்கேறியே நிற்கும். பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்) இழுபடுகிறதா என்று சக்கரங்கள் தொங்கும்போதே பார்த்துவிடுங்கள்.