விஸ்கியைக் கொதிக்கவிடாதீர்கள்: ஹாட் டாடியில் என் அனுபவம்

எடின்பரோவில் என் முதல் குளிர்காலத்தில், விஸ்கி கலந்த சூடான பானமான ஹாட் டாடியைச் செய்தபோது தண்ணீர், விஸ்கி, பட்டைத்தூள், கைநிறையக் கிராம்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொதிக்கவிட்டேன். கோப்பையில் மிஞ்சியது கசப்பும், அடியில் கொழகொழவென்று படிந்த தூளும்தான். ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும். விஸ்கியின் மணமும் ஆவியோடு போய்விட்டது.

இப்போது 150 மில்லி தண்ணீரில் ஒரு துண்டு முழுப் பட்டை, மூன்றே கிராம்பு. கொதித்ததும் அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் மூடிவைக்கிறேன். கிராம்பு கூடினால் பல்வலித் தைலத்தின் வாடை வந்துவிடும், கவனம். வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய கோப்பையில் வடிகட்டி, இரண்டு தேக்கரண்டி தேன், சிறிது எலுமிச்சைச் சாறு கலக்கிறேன். 45 மில்லி விஸ்கி கடைசியில்தான். அது விழுந்த கணத்தில் எழுகிற மணம் அறையையே நிறைக்கிறது.