பேச்சாளர் உள்ளே, கேட்க வந்தவர்கள் வெளியே

பெங்களூரில் ஒரு கல்லூரியில் பல வருடமாக மாலைச் சொற்பொழிவுகளை ஏற்பாடு செய்துவருகிறேன். வெளியூர் அறிஞர்கள் வந்து பேசுவார்கள். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். இந்த வேலையைப் புதிதாக எடுத்துக்கொண்ட இளம் ஆசிரியர்கள் இருவர், நான் அன்று செய்த தவறுகளையே இன்று செய்வதைப் பார்க்கிறேன். மைக்கைச் சரிபார்ப்பது, தண்ணீர் வைப்பது எல்லாம் தானாகவே பழகிவிடும். நான் சொல்ல நினைப்பது மற்றவற்றை.

அன்றைக்கே விமானம்

விமான நிலையம் தேவனஹள்ளிப் பக்கம், ஊருக்குள் வர 35 கிலோமீட்டர். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டால் பேச்சாளர் எப்போது வந்து சேர்வார் என்று யாராலும் சொல்ல முடியாது. முந்தின நாளே வரச் சொல்லுங்கள்.

எழுத்துரு

கல்வெட்டு அறிஞர்கள் திரையில் காட்டும் படங்களில் கிரந்தம், தமிழி (தமிழ் பிராமி) போன்ற பழைய எழுத்துகள் இருக்கும். அரங்கத்துக் கணினியில் அவை வெறும் கட்டங்களாகிவிடும். பிடிஎஃப்பாக வாங்கிவிடுங்கள்.

வாசல் கேட்டில் சொல்லாமல் விடுவது

இன்றுவரை என்னைக் குடைவது இதுதான். சில வருடங்களுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து ஒரு கல்வெட்டு அறிஞரை அழைத்திருந்தோம். பெங்களூரின் தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றிய பேச்சு. பெங்களூரை நிறுவியவராகச் சொல்லப்படும் கெம்பே கௌடர் இங்கே கோட்டை கட்டியது 1537இல். அதற்குக் கிட்டத்தட்ட முந்நூறு வருடம் முன்பே, 1247இல், வெங்களூர் என்று அன்று வழங்கிய இந்த ஊரின் பெரிய ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தைத் தானம் கொடுத்த செய்தியை மடிவாளா சோமேஸ்வரர் கோயிலில் தமிழில் வெட்டிவைத்திருக்கிறார்கள். தொம்மலூர் சொக்கநாதர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. தமிழர்கள் நிறைய இருக்கும் அல்சூர் வரைக்கும் இந்தப் பேச்சைப் பற்றி எல்லாருக்கும் சொல்லியிருந்தோம்.

200 பேர் உட்காரும் அரங்கில் ஆறு மணிக்கு 14 பேர். இந்த ஊரில் இதற்கெல்லாம் யார் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டேன்.

கூட்டம் வந்திருந்தது. கேட்டுக்கு வெளியே நின்றது.

வெளியாட்களை உள்ளே விடச் சொல்லிக் கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட கடிதத்தைக் காலையிலேயே வாசலில் கொடுத்திருந்தேன். அதை வாங்கிய காவலருக்கு இரண்டு மணியோடு ஷிப்ட் முடிந்துவிட்டது; கடிதம் டிராயருக்குள் போய்விட்டது. அடுத்து வந்தவருக்குத் தெரிந்தது, ஐந்தரைக்கு மேல் அடையாள அட்டை இல்லாமல் யாரையும் விடக்கூடாது என்பது மட்டும்தான். அவர்மேல் என்ன தப்பு? முழுக்க என் தவறு.

அறிஞரைக் காரில் ஏற்ற வெளியே வந்தபோது, இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். பைக்குள் எங்கள் அழைப்பிதழ், நான்காக மடித்த வெள்ளைத்தாள், ஒரு பேனா. மடிவாளாக்காரர்.

"தினம் கோயில் சுத்தும்போது அந்த எழுத்தத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போவேன் சார். என்ன எழுதியிருக்குன்னு இன்னிக்காவது தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன். முடிஞ்சிருச்சா?" என்றார்.

அறிஞருக்கோ ரயிலுக்கு நேரமாகியிருந்தது. பெரியவரை அடுத்த உரைக்கு வரச் சொன்னேன். சரி என்றார். வரவில்லை.

அதனால் கடிதத்தைக் காவலர் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஒரு வாரம் முன்பே பாதுகாப்பு மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். அன்று மதியம் ஷிப்ட் மாறிய பிறகு நீங்களே ஒருமுறை கேட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். எந்த கேட் என்று அழைப்பிதழிலேயே போடுங்கள். கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாள் எழுதி வாசலில் ஒட்டுங்கள். ஐந்து மணியிலிருந்து இரண்டு மாணவர்களை அங்கே நிறுத்துங்கள். அப்புறம், பேச்சு ஆரம்பித்ததும் அவர்களை உள்ளே கூப்பிட்டுவிடாதீர்கள். டிராஃபிக்கில் மாட்டியவர்கள் ஆறரைக்குத்தான் வந்து சேருவார்கள்.

அறிமுக உரை

மூன்று நிமிடம்.

கேள்வி நேரம்

முதல் கேள்வி வெளியிலிருந்து வந்தவருக்கு. துறைத் தலைவர் இரவுச் சாப்பாட்டின்போது கேட்டுக்கொள்ளலாம்.