இராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு நாள் பயணம்: முதலில் காற்று, பிறகு பட்டியல்

இராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு கடல்கள். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. பாம்பன், மண்டபம் பக்கத்து மீனவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். பெண்கடல், ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. பெயரை வைத்து வடகடல் எப்போதும் சாது என்று நினைத்துவிட வேண்டாம். எந்தக் கடல் எப்போது அடங்கியிருக்கும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது. இங்கே பாழாகும் பயணங்களில் பல, பார்க்கவேண்டிய இடங்களை முதலில் எழுதிவிட்டு மாதத்தைப் பிறகு பார்ப்பதால்தான் பாழாகின்றன.

வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் வீசும். தென்மேற்கிலிருந்து வரும் இந்தக் காற்றில் ஏர்வாடி, கீழக்கரை, சேதுக்கரை, குந்துகால் எல்லாம் அலையோடு இருக்கும். நிலத்தின் மறைவில் இருக்கும் வடகடல் கரையோரமோ குளம் போலக் கிடக்கும். ஐப்பசி முதல் தை வரை வடகிழக்கிலிருந்து வரும் வாடை. அப்போது தேவிபட்டினம், தொண்டி, அரியமான் பக்கம் கலங்கி நுரைக்க, தென்கடல் அடங்கிவிடும். மாசி, பங்குனியில் இரண்டும் அமைதி. படகு, துடுப்புப் படகு, கடல் குளியல் எதுவானாலும் கச்சான் மாதங்களில் வடகரை, வாடை மாதங்களில் தென்கரை. மழையையும் கணக்கில் வையுங்கள்: மாவட்டத்தின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெய்கிறது. புயல் சின்னம் என்று செய்தி வந்து துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால், படகுக்கு முன்பணம் கட்டியிருந்தாலும் அன்றைக்குக் கடல் இல்லை. அந்த நாளைக் கோயிலுக்கும் இராமநாதபுரம் அரண்மனைக்கும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து நேரம். கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி, மூன்று நான்கு மணிக்குத்தான் திறக்கும். வெயிலும் பதினொன்று முதல் மூன்று வரைதான் கொல்லும். அதனால் விடியலில் கடல், காலையில் கோயில், நண்பகலில் சாப்பாடும் நிழலும், மாலையில் மறுபடி வெளியே என்று வைத்தால் நாள் தானாக உட்காரும். நிலத்தடி நீர் பல ஊர்களில் உவர்ப்பு. ஆளுக்கு மூன்று லிட்டர் குடிநீர் கிளம்பும்போதே வண்டியில் இருக்கட்டும்.

தீவுக்கு ஒரு நாள்

இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் சுமார் 55 கிலோமீட்டர். இங்கே ஒரு முடிவை முதல் நாள் இரவே எடுத்துவிட வேண்டும்: விடியலில் தனுஷ்கோடியா, தீர்த்தமாடலா? இரண்டையும் ஒரே காலையில் வைப்பவர்கள் இரண்டையும் அரைகுறையாக முடிக்கிறார்கள். அக்னி தீர்த்தக் கடலில் குளித்து, இராமநாதசுவாமி கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, உடை மாற்றி, தரிசனம் முடிக்கக் கூட்ட நாளில் மூன்று மணி நேரம்கூட ஆகும். ஈர உடையோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள். மாற்று உடையை நீர் புகாத பையில் எடுத்துப் போங்கள். பிராகாரத் தரை முழுக்க ஈரமாக இருக்கும். வயதானவர்களைக் கைப்பிடித்து மெதுவாக நடத்துங்கள். ஸ்படிகலிங்க தரிசனம் வேண்டுமென்றால் அது அதிகாலையில் மட்டும். காலை ஐந்து மணிக்கே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். தை, ஆடி, மகாளய அமாவாசைகளில் தர்ப்பணத்துக்கு வராதவர்கள் தீவுப் பக்கமே வராமலிருப்பது எல்லோருக்கும் நல்லது.

தனுஷ்கோடிக்கு மணலில் ஜீப்பில் போன காலம் போய்விட்டது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலை 2017-ல் திறக்கப்பட்டது. சாலை நன்றாக இருப்பதுதான் ஆபத்தும். கச்சான் மாதங்களில் காற்று மணலை அள்ளிச் சாலையில் போட்டுவிடும். இருசக்கர வண்டி அதில் வழுக்கும். காரை ஓரத்து மணலில் இறக்கினால் சக்கரம் புதையும். புதைந்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்கே குழி தோண்டிக்கொள்ளும். டயர் காற்றைப் பாதி அளவுக்கு இறக்கி, சக்கரத்தின் முன்னும் பின்னும் மணலைக் கையால் அள்ளி, தரை மிதியையோ பனை மட்டையையோ அடியில் கொடுத்து, முதல் கியரில் மெதுவாக எடுங்கள். ஊருக்குள் வந்ததும் காற்றை நிரப்பிக்கொள்ளுங்கள்.

இராமேஸ்வரம் ஊரைத் தாண்டினால் பெட்ரோல் பங்க் கிடையாது. தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள் இருப்பதால் கைப்பேசி இலங்கைச் சிக்னலைப் பிடிக்கலாம். ரோமிங்கை முன்பே அணைத்துவிட்டால் பில் எகிறாது. மாலையில் காவல்துறை உள்ளே விடுவதை நிறுத்தி, இருட்டுமுன் எல்லோரையும் வெளியேற்றிவிடும். சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு நிதானமாகக் கிளம்பலாம் என்ற திட்டம் இங்கே நடக்காது.

அரிச்சல்முனையில் குளிக்கக் கூடாது. இரண்டு கடல் நீரும் மோதும் இடத்தில் நீரோட்டம் நொடிக்கு நொடி திசை மாறும். காலடி மணலை அலை அரித்து இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இங்கே மாட்டியிருக்கிறார்கள். நின்று பாருங்கள், அதுவே போதும்: ஒரு பக்கம் அலை அறைய, மறுபக்கம் சலனமில்லாமல் இருக்கும். திரும்பும் வழியில் 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயமும் ரயில் நிலையமும். சுவர்களின் மேல் ஏறிப் படம் எடுக்க வேண்டாம்; உப்பில் ஊறி உதிரும் கட்டுமானம் அது. தை முதல் பங்குனி வரை வந்தால் கோதண்டராமர் கோயில் சாலையோர நீர்ப்பரப்பில் பூநாரைகளைப் பார்க்கலாம். வண்டியை விட்டு இறங்கித் தண்ணீருக்குள் நடந்தால் கூட்டம் முழுக்கக் கிளம்பிவிடும். சாலையிலிருந்தே பார்க்க 8x42 இருகண் நோக்கி ஒன்று போதும்.

பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் வண்டி நிறுத்துவது தடை. நிறுத்துபவர்களால்தான் அங்கே நெரிசல். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் தூக்குப் பாலம் சாலைப் பாலத்தின் அடியில் பாம்பன் கரையிலிருந்து இன்னும் நன்றாகத் தெரியும். தூக்குப் பகுதி மேலே போவது கப்பலோ படகோ கடக்கும்போதுதான். அதற்காகக் காத்திருக்கத் திட்டமிடாதீர்கள். பக்கத்தில் குந்துகால்: சிகாகோ சென்று திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26-ல் கரையிறங்கிய இடம். வனத்துறையின் குருசடைத் தீவுப் படகும் இங்கிருந்துதான். அது தென்கடல், அதனால் கச்சானில் நம்ப வேண்டாம். மற்ற மாதங்களிலும் முதல் நாளே கேட்டுவிட்டுப் போங்கள்.

தென்கரைக்கு ஒரு நாள்

விடியலில் சேதுக்கரை. வாடை மாதங்களில் முழங்கால் ஆழத்தில் குளிக்க நல்ல இடம். அடுத்து திருப்புல்லாணி, இராமர் தர்ப்பைப் புல்லில் பள்ளிகொண்ட கோலத்தைக் காணலாம், பதினொன்றரைக்குள் முடித்துவிடுங்கள். கீழக்கரையில் பழைய ஜும்மா பள்ளிவாசலைப் பார்த்தால், கோயில் மண்டபப் பாணிக் கல்தூண் வேலையிலேயே பள்ளிவாசலைக் கட்டியிருப்பது தெரியும். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று நாம் சொல்கிற அந்த வள்ளல் அடங்கியிருப்பதும் இந்த ஊரில்தான். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தைத் தவிர்த்து, தலையையும் முழங்காலையும் மறைத்துப் போங்கள். மதியச் சாப்பாடும், தொதல் என்ற இனிப்பும் இங்கேயே. ஏர்வாடி தர்காவில் வியாழன், வெள்ளி கூட்டம். நான்கு மணிக்கு மேல் உத்தரகோசமங்கை. மரகத நடராஜர் ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்பில்தான் இருப்பார், ஆருத்ரா தரிசனத்தை ஒட்டி மட்டும் காப்பு களைவார்கள். அந்த நாளில் வண்டி நிறுத்தவே ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

வடகரைக்கு அரை நாள்

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணம் என்ற நவக்கிரகக் கற்கள், பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊராரும் சேர்ந்து படகும் கயாக்கும் விடுகிறார்கள். இங்கே ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் அளவு, ஒரு மீட்டருக்குள்தான். ஆனாலும் வாய்க்கால் ஆழமில்லாததால் நீர் வற்றிய நேரம் போனால் கயாக் சேற்றில் உட்கார்ந்துவிடும். நீர் ஏறும் நேரத்தைக் கேட்டு முன்பதிவு செய்யுங்கள். போகும்போது காற்றை எதிர்த்துத் துடுப்பு போட்டு, கை ஓய்ந்து திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும்படி வழியைத் தேர்ந்தெடுங்கள். லைஃப் ஜாக்கெட்டின் இடுப்புப் பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று தோளைத் தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது தளர்வு.

இரண்டு கரையிலும் கால் வைக்கும்போது பாதத்தைத் தூக்காமல் மணலில் தேய்த்தபடி நடந்தால், புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும். குத்திவிட்டால் தாங்கும் அளவு சூடான நீரில் காலை முக்கி வைத்து மருத்துவமனைக்குப் போங்கள். சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் மணலால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள், கடல்நீரால் கழுவுங்கள்.

வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. பவளப்பாறைத் துண்டு செத்துக் கரை ஒதுங்கியதானாலும் எடுத்துப் போவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். காய்ந்த கடல் குதிரையும் கடல் அட்டையும் அப்படியே. முண்டு மிளகாய் வாங்குங்கள், 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. மாசி, பங்குனியில் புது வரத்து. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை என்பதால் அப்போது நாட்டுப்படகு மீன்தான், விலை கூடும். கருவாடு வாங்கினால் ஒடித்துப் பாருங்கள்: நன்கு காய்ந்தது ஒடியும், வளைந்தால் உள்ளே ஈரம். காகிதத்தில் இரண்டு சுற்று சுற்றி, மூடி இறுகும் டப்பாவில் போட்டு வண்டியில் வையுங்கள்.