விடுமுறை நாளில் திருகோணமலைக்குக் கப்பலில் வரும் உறவினரைச் சந்திக்க

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் உல்லாசக் கப்பலில் திருகோணமலைக்கு வருவதாகச் சொன்னால், அவர்களை மட்டக்களப்புக்குக் கூட்டிவந்து வீட்டைக் காட்ட வேண்டும் என்றே முதலில் தோன்றும். அதற்கு முயலாதீர்கள். வாழைச்சேனை, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா வழியாகச் செல்லும் ஏ15 வீதியில் ஒரு வழித் தூரம் ஏறத்தாழ 130 கிலோமீற்றர். கப்பலோ பெரும்பாலும் காலையில் வந்து மாலையில் புறப்பட்டுவிடும். நாம் போவதே சரி.

கப்பல் புறப்படும் நேரத்தை முதலில் கேட்டறிந்து, பயணிகள் திரும்பி ஏற வேண்டிய நேரத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அது அரை மணி முதல் ஒரு மணித்தியாலம் வரை முந்தியதாக இருக்கும். மாலைதீவிலிருந்து வரும் கப்பலாயின், அந்நாட்டு நேரம் நம்முடையதைவிட அரை மணி பிந்தியது என்பதால், கப்பலின் கடிகாரம் மாற்றப்பட்டதா என்றும் கேளுங்கள். துறைமுகத்தினுள் அனுமதியின்றி நுழைய முடியாது. ஆகவே எந்த வாசலில் காத்திருப்பது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

விடுமுறை நாளில் வங்கி திறக்காது என்பதால், உறவினருக்கு வேண்டிய ரூபாயை நீங்களே எடுத்துச் செல்லுங்கள். பௌர்ணமி விடுமுறையான போயா தினமாயின் இறைச்சிக் கடைகளும் மதுக்கடைகளும் பூட்டியிருக்கும். பஸ்ஸை நம்ப வேண்டாம். வான் ஒன்றை ஒரு வாரம் முன்பே பேசிவிடுங்கள், ஏனெனில் அன்று கோயிலுக்குப் போகிறவர்களும் அதையே தேடுவார்கள்.

சாப்பாட்டில்தான் மிகுந்த அக்கறை வேண்டும். வீட்டில் சமைத்த உணவைக் கப்பலில் ஏற்றப் பெரும்பாலும் விடமாட்டார்கள்; எனவே கொண்டுபோவதெல்லாம் கரையிலேயே உண்பதற்குரியதாக இருக்கட்டும். தைப்பூசமும் போயாவும் சேர்ந்த ஒரு நாளில் என் மாமி அப்படி வந்தபோது, வாட்டிய வாழையிலையில் சோறும் கத்தரிக்காய்ப் பாற்கறியும் முருங்கையிலைச் சுண்டலும் பொதியாகக் கட்டிக்கொண்டு போனோம். எருமைத் தயிர்ச் சட்டி சரியாமலிருக்க, பழைய சாரமொன்றைச் சும்மாடாகச் சுற்றி, வானின் தரையில் காலிடையே வைத்துக்கொண்டேன். கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும்வரை ஏடு கலையவில்லை. மாமி பொதியை அவிழ்த்ததும் உடனே உண்ணாமல், இலையின் மணத்தைச் சற்று நேரம் முகர்ந்துகொண்டிருந்தார். பன்னிரண்டு வருடங்களாக அவர் ஊருக்கு வரவில்லை.

பார்க்கும் இடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். கோணேசர் கோயிலுக்குப் பிரட்றிக் கோட்டை வாசலால் நுழைந்துதான் போக வேண்டும். விடுமுறை நாளில் அவ்வழி நெரிசல் மிகுந்தது. நண்பகல் பூசை முடிந்து நடை சாத்துவதற்கு முன்னர் தரிசனத்தை முடிக்கத் தக்கதாக, காலையிலேயே அங்கு செல்வது நல்லது. வழியில் நிற்கும் புள்ளிமான்களைப் பிள்ளைகள் பார்க்க விரும்புவார்கள், அதற்கும் சற்று நேரம் விடுங்கள். நேரம் மிஞ்சினால் மட்டும் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகலாம். விடுமுறைக் கூட்டத்தில் குளிக்கக் காத்திருக்க நேரிடும் என்பதால், கப்பலுக்குத் திரும்புகிறவர்களை நான் அங்கு அழைத்துச் செல்வதில்லை.

உறவினர் வாசலைக் கடந்து உள்ளே போனதைக் கண்ட பின்னரே புறப்படுங்கள். திரும்பும் வழியில் இருட்டிவிட்டால், வெருகலுக்கும் வாகரைக்கும் இடையில் மாடுகள் வீதியிலேயே படுத்திருக்கும். சாரதியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.